வால்கயிறு

நாலு டன் வால்வு
தரையை விட்டு எழும்பிய பிறகு
அது என்ன நினைக்கிறதென்று யாருக்கும் தெரியாது.
காற்று கூப்பிடும் பக்கமெல்லாம் முகம் திருப்பும்.
அதன் ஓரத்தில் ஒரு கயிறு கட்டி
கீழே நின்று பிடித்திருப்பேன்.
பயிற்சித் தாளில் அதற்கு டேக் லைன் என்று பேர்.
நாங்கள் வால்கயிறு என்போம்.

தூக்குவது நானல்ல, க்ரேன்.
இறக்குவதும் நானல்ல.
சுழலாமல், சுவரில் மோதாமல்,
போக வேண்டிய மேடைக்கு
முகம் காட்டச் செய்வதோடு சரி.
ஒரு விதி: கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது.
சுற்றினவன் விரல்
மினா அப்துல்லா மணலில் கிடந்ததை
வந்த வருஷமே பார்த்துவிட்டேன்.

ஜூலை. பகல் வேலைக்குத் தடை.
இரவு இரண்டு மணிக்கும் ஷமால்
அடுப்பில் காய்ந்த துணியால் துடைப்பதுபோல்
முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.
மேலே மேடையில், சுமைக்கு எதிரே,
வேதமாணிக்கம்.

வேதமாணிக்கம் யாரென்றால்,
மார்ச்சில் குழாய் அடுக்கின் பின்னால்
நான் கண்ணயர்ந்ததை ஃபோர்மேனிடம் சொன்னவர்.
மூன்று நாள் சம்பளம். பதினைந்து தினார்.
வெள்ளிக்கிழமை அகமதியில், எங்கள் சபையில்,
காணிக்கைப் பை எடுப்பவரும் அவரே.

அந்தப் பதினைந்து தினாரை
மங்காஃப் அறையில், மேல்கட்டிலில் வைத்து
நான் வளர்த்தேன்.
அவர் சிரித்ததைத் தீனியாகப் போட்டேன்.
சிரிக்காமல் போன நாளில் அதையும் போட்டேன்.
ஜெபிக்க முழங்காலிட்டால்
பக்கத்தில் அதுவும் முழங்காலிட்டது,
என்னைவிடப் பக்தியாக.

சுமை பாதி உயரத்தில் இருக்கையில்
ஒரு நினைப்பு வந்தது.
கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன?
கொல்ல இல்லை. சேச்சே.
மனுஷன் பதறி ஓரடி பின்வாங்கட்டும்,
எல்லாரும் பார்க்கட்டும்.
அவ்வளவுதான் கேட்டது.
மரியாதையாகக் கேட்டது.
என் குரலிலேயே கேட்டது.

காற்றும் அதற்குச் சரி சொன்னதுபோல
ஒரு தள்ளு.
வால்வு திரும்பியது.
என் பூட்ஸ் மணலில் இரண்டு கோடு கிழித்தது.
வெடுக்கென்று இழுக்கவில்லை,
இழுத்தால் மறுபக்கம் வீசும்.
பிடித்தேன். சாய்ந்தேன். கூடவே நடந்தேன்.
இயேசுவே என்று வாயில் வந்தது.
அது ஜெபமா, மூச்சிரைப்பா,
இன்றுவரை தெரியாது.
நஸீர் கான் மேலிருந்து ஹார்ன் அடித்தார்.

மெல்ல, மிக மெல்ல,
வால்வு மேடையைப் பார்த்தது.
வேதமாணிக்கம் இரு கையாலும் அதை வாங்கி
போல்ட்டுகளின் மேல் உட்கார வைத்தார்.
"பிடி கொள்ளாம்டே, ஞானதாஸ்" என்று கத்தினார்.
எதைப் பிடித்தேனென்று
அவருக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை
ஏசி இரையும் ஹாலில்
மனதை அடக்குங்கள் என்றார் போதகர்.
எனக்கு அந்தச் சொல் கையில் நிற்கவில்லை.
காற்றை அடக்கியவர் ஒருவர் உண்டு.
நானில்லை.
எனக்குத் தந்திருப்பது கயிறு,
பிறகு, அதைச் சுற்றிக்கொள்ளாதே என்ற விதி.

காணிக்கைப் பை என் வரிசைக்கு வந்தது.
ஒரு தினார் போட்டேன்.
அதோடு பதினாறு என்றது உள்ளே.
ஆடுகிறது, ஆடுகிறது.
பாட்டு எழும்பிவிட்டது. நான் இன்னும்
அதன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

அன்றிரவு ஷிப்ட் வேன்.
எனக்கு முன் சீட்டில் அவர்,
ஹெல்மெட் மடியில், வாய் திறந்தபடி,
நல்ல தூக்கம்.
சொல்லிக்கொடுக்க ஃபோர்மேன் வண்டியில் இல்லை.
இந்த நினைப்புக்கும் ஒரு வால் இருந்தது.

ரிஃபைனரியின் தீ
தெற்கே சாய்ந்து எரிந்தது.
வளைவில் வண்டி திரும்ப,
அவர் தலை கண்ணாடி பக்கம் சரிந்தது.
நடுவில் என் கையை வைத்தேன்,
கையுறையோடு.